வசதியான வீட்டுப் பிள்ளை பிராக்டிக்கலுக்கு வந்தால்: தோட்டப்புற வேலையிடங்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்

பல்கலைக்கழகப் பிள்ளை ஒன்று செம்பனை ஆலைக்கோ எஸ்டேட் ஆபீசுக்கோ தொழிற்பயிற்சிக்கு வந்து சேரும் முதல் நாளே அதன் ஜாதகத்தை எழுதி முடித்துவிடுகிறோம். வந்து இறங்கிய கார், கையிலிருக்கும் போன், பேசுகிற ஆங்கிலம், அப்பாவின் பெயர் ஆகிய நான்கும் தெரிந்தால் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் "பணக்கார வீட்டுப் பிள்ளை, ரெண்டு வாரம் தாங்காது" என்ற பேச்சு எடை மேடை வரைக்கும் போயிருக்கும். பேச்சோடு நின்றால்கூடப் பரவாயில்லை. மறுநாளே அது வேலை அட்டவணையில் ஏறிவிடுகிறது. யாரை வெயிலில் நிறுத்துவது, யாரை ஏர்கோன் அறையில் கோப்பு அடுக்க வைப்பது, யாருக்கு அலவன்ஸ் கொடுப்பது, கடைசியில் யாருக்கு எவ்வளவு மதிப்பெண் போடுவது எல்லாம் அந்த முதல் நாள் பேச்சிலிருந்தே கிளம்புகின்றன. பயிற்சி மாணவர்களை மேய்க்கும் கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்), சூப்பர்வைசர்கள், சின்ன அலுவலக முதலாளிகள் ஆகியோருக்கும், அங்கே வந்து சேரும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் இந்த முத்திரை சீக்கிரம் விழுவதற்குக் காரணம் உண்டு. இங்கே யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை. லிந்தாங், எல்பில், கமுனிங் என்று சுற்றியிருக்கும் தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான் என்ற குடியிருப்புப் பகுதிகளில் வீடு வாங்கிய குடும்பங்கள் ஏராளம். இன்றைக்கு லோரி கம்பெனி, பழைய இரும்பு வியாபாரம், நகைக்கடை, ஆள் பிடித்துவிடும் காண்ட்ராக்ட் என்று நாலு காசு பார்த்திருப்பவர்களில் பலருடைய அப்பாவோ தாத்தாவோ தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர். அதனால் பிள்ளையைப் பார்த்ததும் பழைய கணக்கும் சேர்ந்து நினைவுக்கு வரும். "இவங்க அப்பா காண்ட்ராக்ட் எடுத்தப்பதான் எங்கம்மாவுக்குச் சம்பளம் பாக்கி நின்னுச்சு" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கோபம் நியாயமானது. உழைத்த கூலி வராமல் போனதை யாரும் மறந்துவிட வேண்டியதில்லை. ஆனால் பாக்கி வைத்தவர் அப்பா. பதிவேட்டோடு வந்து நிற்பது இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. அப்பாவிடம் கேட்க முடியாததைப் பிள்ளையிடம் வசூலிப்பது பல வேலையிடங்களில் நடக்கிறது, அதுவும் தெரிந்தே நடக்கிறது.

வசதியில் பிறந்தவருக்குத் தோட்டத்துக் கஷ்டம் ஏறாது என்று அடித்துச் சொல்பவர்கள் இந்த ஊர் வரலாற்றையே ஒருமுறை பார்க்கலாம். நாட்டின் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் இங்கே ரப்பர் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவர். கோலகங்சாரில் படித்து, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கியவர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர்களை நடுத்தெருவில் நிறுத்திய காலத்தில், அவர்களிடமே பங்குப்பணம் திரட்டித் தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கியதும் அவர்தான். மறுவருடம் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. எல்லா வசதியான பிள்ளையும் அப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பிறந்த வீட்டை வைத்து ஒருவர் எதற்கு ஆவார் என்று கணிக்க முடியாது, அவ்வளவுதான்.

கார், போன், டி20

முத்திரை குத்த உதவும் அடையாளங்கள் பெரும்பாலும் தப்பான தகவலைத்தான் தருகின்றன.

காரை எடுத்துக்கொள்வோம். 50,000 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள புதுக் காருக்குப் பத்து விழுக்காடு முன்பணம் கட்டினால் கடன் 45,000. ஒன்பது வருடத் தவணை, வருடத்துக்கு 3.5 விழுக்காடு நிலையான வட்டி என்று வைத்தால், வட்டி மட்டும் 14,175 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 548 வெள்ளி வரும். தோட்டத்து உள்சாலைக்குப் பஸ் கிடையாது. ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு ஆறு மணிக்கு நிற்க வேண்டிய பிள்ளைக்கு, அண்ணன் தவணை கட்டும் காரை வீட்டில் கொடுத்தனுப்பியிருப்பார்கள். அந்த நாளில் அண்ணன் கப்சாய் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போயிருப்பார். பார்க்கிங்கில் நிற்கும் பளபளப்பான மைவி காரில் இது எதுவும் எழுதி ஒட்டியிருக்காது.

அடுத்தது டி20 என்ற சொல், அதாவது வருமானத்தில் மேல்தட்டு இருபது விழுக்காட்டு வீடுகள். பயிற்சிக் கடிதத்தோடு வரும் மாணவர் விவரங்களில் இந்த வகைப்பாட்டைப் பார்த்ததும் "பெரிய இடம்" என்று முடிவு கட்டுகிறார்கள். 2022-ஆம் ஆண்டுக் குடும்ப வருமான ஆய்வின்படி மாதம் 11,820 வெள்ளியும் அதற்கு மேலும் வந்த வீடு டி20. இது ஒரு ஆளின் சம்பளம் இல்லை, வீட்டிலுள்ள எல்லாருடைய வருமானமும் கூட்டிய தொகை. அப்பா 3,500, அம்மா 2,000, அண்ணன் 3,500, அக்கா 3,200 என்று கூட்டினால் 12,200 வந்துவிடும். அந்த வீட்டில் எட்டுப் பேர் சாப்பிடுகிறார்களா, பாட்டிக்கு டயாலிசிஸ் நடக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் உள்ள ஆசிரியர் தம்பதிகூடக் கோட்டைத் தொட்டுவிடலாம். கோட்டுக்கு மேலே போன வீட்டுப் பிள்ளைக்குப் பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனும் முழுசாகக் கிடைக்காது. ஆக, டி20 என்ற ஒரே பெயருக்குள் கோடீஸ்வரர் வீடும் இருக்கிறது, நாலு பேர் வேலைக்குப் போய் மாசத்தைத் தள்ளுகிற வீடும் இருக்கிறது.

போன் விஷயம் வேறு. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 5,000 வெள்ளி போனைச் சாப்பாட்டு மேசையில் வைக்கும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பளம் அங்கே கிடக்கிறது. யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள், ஆனால் கண் அங்கே போகும். இந்த ஒன்றில் மட்டும் நான் தொழிலாளி பக்கம். போனைப் பையில் போட்டுக்கொள்வது பிள்ளைக்குப் பெரிய கஷ்டமில்லை.

ஆங்கிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தனியார் பள்ளியில் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் பேசினால் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அதற்கு மலாய் வராததும் தமிழில் தயங்குவதும்தான் காரணம். ஆலையில் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்களோடு மலாய்தான் ஓடும். முதல் நாளே ஒரு தாளில் வேலைச் சொற்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். குலைக்குத் தண்டான், உதிரிப் பழத்துக்குப் பிஜி ரெலாய், பழுத்ததற்கு மாசாக், அரைப் பழத்துக்கு மெங்கால், அழுகலுக்குப் பூசோக், நீண்ட காம்புக்குத் தங்காய் பாஞ்சாங். இந்த மாதிரி முப்பது சொல் தெரிந்தால் போதும், பிள்ளை தொழிலாளிகளோடு நேராகப் பேச ஆரம்பித்துவிடும். திமிர் என்ற பேச்சில் பாதி அதோடு அடங்கும்.

வேலையைப் பிரிக்கும்போது நடக்கும் கெடுதல்

இதைத்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிஜமான சேதம் இங்கேதான்.

முத்திரை விழுந்த பிள்ளைக்கு இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, நோகாத வேலை. "தம்பிக்கு வெயில் ஒத்துக்காது, உள்ளயே உக்காரட்டும்" என்று பாசமாகச் சொல்லி, போட்டோ எடுப்பது, பவர்பாயிண்ட் செய்வது, மேனேஜர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது என்று ஓட்டிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அந்தப் பிள்ளைக்கு ஒரு குலை பழுத்ததா இல்லையா என்று சொல்லத் தெரியாது. "பார்த்தியா, ஒண்ணும் தெரியல" என்று முதல் நாள் சொன்னதை அவர்களே மெய்யாக்கிக்கொள்கிறார்கள். கூடவே வந்த ஏழை வீட்டு மாணவனுக்கு நடப்பதை யாரும் கவனிப்பதில்லை. "அவன் தோட்டத்துப் பையன், தாங்குவான்" என்று இரண்டு பேர் வேலையும் அவன் தலையில் விழும். அவனும் படிக்கத்தான் வந்தான். மில் லேபில் உட்கார்ந்து எண்ணெயின் அமில அளவு பார்க்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்காமலே போய்விடும். ஒருவன்மேல் குத்திய முத்திரை அடுத்தவனையும் சேர்த்து அடிக்கிறது.

இரண்டாவது, பழிவாங்கும் வேலை. "கொஞ்சம் கஷ்டம் தெரியட்டும்" என்று சொல்லி, பயிற்சித் திட்டத்திலேயே இல்லாத வேலைக்கு அனுப்புவது. கக்கூஸ் கழுவ விடுவது அவமானம். அதைவிட மோசமானது ஆபத்தான இடத்துக்கு அனுப்புவது. குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் 3 பார் அளவு அழுத்தத்தில் நீராவி இருக்கும். தொட்டி, குழி போன்ற மூடிய இடங்களுக்குள் பயிற்சி பெற்று அனுமதி உள்ளவர் மட்டுமே இறங்க வேண்டும். உள்ளே காற்று சரியில்லாவிட்டால் மயங்கி விழுமுன் கத்துவதற்குக்கூட நேரமிருக்காது. விளையாட்டாக "இறங்கிப் பாரு தம்பி" என்று சொல்வதை அங்கேயே நிறுத்தியாக வேண்டும். சொன்னவர் எவ்வளவு சீனியராக இருந்தாலும் சரி.

இதற்கு மருந்து அறிவுரை இல்லை, அட்டவணை. முதல் இரண்டு வாரம் எல்லாப் பயிற்சி மாணவருக்கும் ஒரே சுற்று, எழுத்தில், பெயர் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். முதல் மூன்று நாள் பெரட்டும் வயலும். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோரோடு நடந்து, குலை வெட்டுவதையும் உதிரிப் பழம் பொறுக்குவதையும் பார்க்கட்டும்; பொறுக்கவும் செய்யட்டும், ஆனால் அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தொட வேண்டாம். அடுத்த மூன்று நாள், லோரியிலிருந்து குலைகளை இறக்கும் ஆலை ரேம்பில் தரம் பிரித்தல். பிறகு எடை மேடை, லேப், ஆபீஸ். ஹெல்மெட்டும் பாதுகாப்புச் சப்பாத்தும் ஸ்டோரிலிருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி. "வசதிதானே, வாங்கிக்கட்டும்" என்று ஒருவரை மட்டும் வெளியில் வாங்கச் சொன்னால், அந்தப் பிள்ளை பிராண்ட் சப்பாத்தோடு வந்து நிற்கும், அதற்கும் சேர்த்துப் பேச்சு கிளம்பும்.

ரேம்பில் செய்யும் ஒரு பயிற்சியை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முத்திரையை உடைப்பதில் இதைப் போல் வேலை செய்வது வேறொன்றைப் பார்த்ததில்லை. ஒரே லோரியிலிருந்து இறக்கிய 50 குலைகளைத் தரையில் பரப்பி, காம்பில் சாயத்தால் 1 முதல் 50 வரை எண் போடுங்கள். ஒவ்வொரு மாணவரும் தனித்தனியாகத் தரம் எழுத வேண்டும், ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக்கூடாது. பழம் உதிர்ந்த புதுக் குழிகள் குறைந்தது பத்து இருந்து, பாதிக்கு மேல் பழம் இன்னும் குலையிலேயே இருந்தால் அது பழுத்த குலை. உதிர்ந்த குழி பத்துக்குக் கீழே என்றால் அரைப் பழம். கறுத்து, ஒரு குழிகூட இல்லையென்றால் காய். காம்பு 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் நீண்ட காம்பு என்று தனியாகக் குறிக்க வேண்டும். கடைசியில் சீனியர் கிரேடர் அதே 50-ஐத் தரம் பிரித்து, எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்.

எல்லாரும் தடுமாறும் இடம் அரைப் பழத்துக்கும் பழுத்ததற்கும் நடுவில்தான். சிவப்பைப் பார்த்ததும் பழுத்தது என்று எழுதிவிடுவார்கள், குனிந்து குழியை எண்ணமாட்டார்கள். நிழலில் வளர்ந்த குலை, மழையில் நனைந்த குலை இரண்டிலும் நிறம் ஏமாற்றும். முள் குத்தும் என்று குலையைப் புரட்டாமல் மேல்பக்கத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு தப்பு. உதிர்ந்த குழிகள் அடிப்பக்கத்தில் கிடக்கலாம். தடிமனான கையுறை போட்டு, காம்பைப் பிடித்து, முழுச் சுற்றும் உருட்டிப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். ஏன் இவ்வளவு கவனம் என்பதையும் கூடவே விளக்க வேண்டும். காயாக வெட்டினால் எண்ணெய் குறையும். பழம் அடிபட்டு நேரம் கழிந்தால், பழத்துக்குள் இருக்கும் லிப்பேஸ் நொதி எண்ணெயை உடைத்துத் தனி அமிலத்தைக் கூட்டும். அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் எண்ணெயின் விலை அடிபடும். அதனால்தான் வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்க அடித்துக்கொள்கிறோம். காரணம் தெரிந்த பிள்ளை வெயிலில் நிற்பதைத் தண்டனையாக நினைக்காது.

எல்லாத் தாளும் மேசைக்கு வந்தபின் யார் வீட்டில் எவ்வளவு பணம் என்பது அங்கே பேச்சில் இருக்காது. எண் 17-ஐ யார் சரியாகப் பார்த்தார், எண் 32-ஐ ஏன் எல்லாரும் தப்பாக எழுதினார்கள் என்றுதான் பேச்சு ஓடும். மூன்றாம் நாளும் இதையே செய்து பாருங்கள். முன்னேறியவர் யார், அலட்சியமாக இருந்தவர் யார் என்று அந்தத் தாளே காட்டிவிடும். வசதியான பிள்ளை அலட்சியமாக இருந்தால் அதையும் அங்கேயே பார்க்கலாம். அப்போது தயங்காமல் கண்டிக்கலாம், கையில் சான்று இருக்கிறது.

தாமதம் விஷயத்திலும் இப்படித்தான். பதினைந்து நிமிடம் தாமதமாக வந்த ஏழை மாணவனைப் "பாவம், பஸ் கிடைக்கல" என்போம். அதே பதினைந்து நிமிடம் கார் வைத்திருப்பவனுக்குத் திமிர் ஆகிவிடும். வருகை நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள், மூன்று முறை தாமதமானால் எழுத்தில் விளக்கம் என்று எல்லாருக்கும் ஒரே விதி வையுங்கள். பஸ் இல்லாத பிள்ளைக்கு உதவ வேண்டுமென்றால் தோட்ட லோரியிலோ வேனிலோ இடம் ஏற்பாடு செய்யுங்கள். விதியைத் தளர்த்துவதைவிட அதுதான் அந்தப் பிள்ளைக்குப் பயன்படும்.

பட்டணத்துக் கணக்கர் அலுவலகத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஊர் சின்னது, வாடிக்கையாளர்களும் தெரிந்தவர்கள். லோரி கம்பெனிக்காரர் மகளிடம் இன்னொரு லோரி கம்பெனியின் கோப்பைக் கொடுக்காதீர்கள், அவருடைய அப்பா கணக்கையும் கொடுக்காதீர்கள். அந்தப் பெண்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. நாளைக்கு ஏதாவது வெளியே கசிந்தால் முதல் பழி அவள்மேல்தான் விழும். முதல் நாளே காரணத்தோடு அவளிடம் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

அலவன்ஸ், பெலாஞ்சா, நன்கொடைப் புத்தகம்

"அவனுக்கு எதுக்கு அலவன்ஸ்?" என்ற கேள்வி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் எழும். என் பதில் நேரானது: அலவன்ஸ் வேலைக்குக் கொடுப்பது. ஒரே வேலை செய்யும் இருவருக்கு ஒரே தொகை. வீட்டு வசதியைப் பார்த்து ஒருவருக்கு நிறுத்தினால், அந்தப் பிள்ளையும் "சும்மாதானே வர்றேன்" என்று வேலையை லேசாக எடுத்துக்கொள்ளும், அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் இருக்காது. கஷ்டப்படும் மாணவருக்குக் கூடுதலாக உதவ வேண்டுமா, தாராளமாகச் செய்யுங்கள். சாப்பாடு, தங்க லயத்து வீட்டில் ஒரு அறை, பெட்ரோல் காசு என்று தனியாக, நாலு பேருக்குத் தெரியாமல் கொடுங்கள். அலவன்ஸே கொடுக்காத இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: அங்கே வந்து சேர்கிறவர்கள் எல்லாரும் வசதியானவர்களாக இருப்பதில் ஆச்சரியமில்லை. மூன்று, நான்கு மாதம் சம்பளமில்லாமல் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைதான் வர முடியும். பிறகு "பணக்காரப் பிள்ளைங்கதான் வர்றாங்க" என்று குறை சொல்லிப் பயனில்லை.

பெலாஞ்சா, அதாவது தன் காசில் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது, சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் உறவு கெடுவது அங்கேதான். முதல் வாரத்தில் "தம்பி, இன்னிக்கு உங்க பெலாஞ்சா" என்று ஆறு பேருக்கு ரொட்டி சானாயும் தே தாரேவும் வாங்க வைப்பார்கள். இரண்டாம் முறை அது வழக்கமாகிவிடும். வாங்கிக் கொடுத்தால் பணத்தால் ஆளைப் பிடிக்கிறான், கொடுக்காவிட்டால் கஞ்சன். எப்படியும் பிள்ளை தோற்கும். சூப்பர்வைசர் முதல் நாள் தன் காசில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "இனி அவங்கவங்க சாப்பாடு அவங்கவங்க காசு, பயிற்சிப் பிள்ளைங்ககிட்ட யாரும் கேக்காதீங்க" என்று வெளிப்படையாகச் சொன்னால் பிரச்சனை தொடங்காது. பயிற்சி முடியும் வாரத்தில் பிள்ளையாக ஏதாவது வாங்கி வந்தால் அது அதன் மனசு.

கோயில் திருவிழா நன்கொடைப் புத்தகத்தை மாணவன் கையில் கொடுத்து "அப்பாகிட்ட ஒரு நல்ல தொகை போடச் சொல்லு" என்பது இன்னொரு வழக்கம். கோயிலுக்காக இருந்தாலும் இது தப்பு. மதிப்பெண் போடுகிறவர் கையிலிருந்து ரசீதுப் புத்தகம் வந்தால், அதை மறுக்கும் தைரியம் எந்த மாணவனுக்கும் வராது. அப்பாவிடம் கோயில் கமிட்டியே நேராகப் போய்க் கேட்கட்டும்.

கேபள் (மேலிடத்துச் சிபாரிசு) இருப்பது உண்மையென்றால்

அப்பா மேனேஜரோடு கோல்ஃப் ஆடுகிறவர், அதனால்தான் இடம் கிடைத்தது என்பது சில நேரம் உண்மைதான். அப்படிக் கிடைத்த ஒவ்வொரு இடத்துக்கும் விண்ணப்பித்துக் காத்திருந்த வேறொரு பிள்ளை வெளியே நிற்கிறது. அதன்மேல் வரும் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கோபம் போக வேண்டிய இடம் இடத்தைக் கொடுத்தவர். வருடத்துக்கு எத்தனை பயிற்சி இடம், விண்ணப்பம் எந்தத் தேதிக்குள், நேர்காணலில் யார் யார் என்று முன்கூட்டியே தாளில் போட்டு, சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அனுப்புங்கள். நேர்காணலில் மாணவருக்குத் தெரிந்தவர் இருந்தால் அந்த நேரத்துக்கு எழுந்து வெளியே போகட்டும். இதைச் செய்யாத அலுவலகத்தில் கேபள் இல்லாமல் உள்ளே வந்த வசதியான பிள்ளைக்கும் கேபள் முத்திரை விழும்.

"சின்ன தொரை", "டத்தோ மகன்" என்ற பட்டப்பெயர்களை விளையாட்டு என்று விட்டுவிடாதீர்கள். தோட்ட மேனேஜரைக் குறிக்கும் தொரை என்ற சொல்லுக்குத் தோட்டத்தில் இன்னும் கனம் இருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு ஒரு பிள்ளையால் மண்டோரிடம் போய் "அண்ணே, எனக்கு இது தெரியல, சொல்லிக் கொடுங்க" என்று கேட்க முடியாது, கேட்டால் சிரிப்பார்கள். கேட்காத பிள்ளை கற்றுக்கொள்ளாது. சூப்பர்வைசர் முதல்முறை காதில் விழும்போதே, கூட்டத்தில் அதட்டாமல், சொன்னவரைத் தனியே கூப்பிட்டு, "பெயர் சொல்லிக் கூப்பிடுங்கண்ணே" என்றால் போதும். கூட்டத்தில் அதட்டினால் பிள்ளைக்குப் போட்டுக்கொடுப்பவன் என்ற இன்னொரு பெயர் சேரும்.

வருகிற பிள்ளைகளுக்கு

வசதியை மறைக்கவும் வேண்டாம், ஏழை வேஷம் போடவும் வேண்டாம். பழைய டீசட்டை போட்டு, காரைத் தூரத்தில் நிறுத்தி நடந்து வந்தால் ஒரு வாரத்தில் ஊருக்குத் தெரியும். பிறகு நீங்கள் பேசும் எதையும் நம்பமாட்டார்கள். மேனேஜரை உங்கள் குடும்பத்துக்குத் தெரியுமென்றால் சூப்பர்வைசரிடம் முதல் நாளே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அவர் அப்பாவுக்குப் பழக்கம். ஆனா எனக்கு ஏதாவது பிரச்சனைன்னா உங்ககிட்டதான் வருவேன்." சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள். ஒரே ஒரு முறை நேராக மேனேஜர் அறைக்குப் போனாலும் அந்த வாக்கு காலி.

வயதில் மூத்தவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள். இந்தோனேசியத் தொழிலாளியைப் பாங் என்றும், பங்களாதேஷ்காரரைப் பாய் என்றும் கூப்பிடலாம், கூடவே அவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து அவர்களோடு உட்காருங்கள். லீவுக்கு எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்ற பேச்சை அவர்கள் கேட்டால் ஒழிய எடுக்க வேண்டாம்.

கைமாத்து கேட்பார்கள். ஐம்பது வெள்ளியில் ஆரம்பிக்கும். கொடுத்தால் திரும்பாத கடனும், முகம் கொடுக்காத ஆளும் மிஞ்சும். "என்கிட்ட இருக்கறது அப்பா காசுண்ணே, நான் கொடுக்க முடியாது" என்று ஒரே மாதிரி எல்லாருக்கும் சொல்லுங்கள். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுத்தால் அது வேறு வினை.

வீட்டில் விளக்குமாறு பிடிக்காமல் வளர்ந்திருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். லேபில் வேலை முடிந்ததும் குடுவையைக் கழுவி வைப்பது உங்கள் வேலையின் ஒரு பகுதி. துடைக்கும் அக்கா வருவார் என்று விட்டுவிட்டுப் போவதைத்தான் எல்லாரும் முதலில் கவனிப்பார்கள். அங்கே கிடைக்கும் கெட்ட பெயர் நியாயமான கெட்ட பெயர்.

உங்களுக்கு நோகாத வேலையே வந்துகொண்டிருந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். "அடுத்த வாரம் என்னையும் ரேம்புக்கு அனுப்புங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, அதே நாளில் பதிவேட்டில் கேட்டதையும் கிடைத்த பதிலையும் எழுதிவையுங்கள். அவமானப்படுத்தும் வேலையோ ஆபத்தான வேலையோ வந்தால், தேதி, நேரம், சொன்னவர், இடம் ஆகிய நான்கையும் எழுதி, முதலில் சூப்பர்வைசரிடமும் பிறகு பல்கலைக்கழக மேற்பார்வையாளரிடமும் போங்கள். அப்பாவைக் கூப்பிடுவதைக் கடைசி வழியாக வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாரை வேண்டுமானாலும் உடனே கூப்பிடலாம்.

கடைசி வாரத்தில் மதிப்பீட்டுப் படிவம் வரும். அதில் மனப்பான்மை என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் நாள் முத்திரை ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். "வசதியான பின்னணி, ஆனாலும் பரவாயில்லை" என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. அந்த "ஆனாலும்" ஒரு பிள்ளையின் முதல் வேலை நேர்காணல் வரை போகும். அங்கே நடந்ததை மட்டும் எழுதுங்கள்: தாமதம் எத்தனை முறை, தரம் பிரித்ததில் முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் எத்தனை குலை வித்தியாசம், தெரியாததை யாரிடம் கேட்டார், லேபை எந்த நிலையில் விட்டுப் போனார். இரண்டு மாணவர் இருந்தால் பெயரை மறைத்து இரண்டு படிவத்தையும் இன்னொரு கிராணியிடம் வாசிக்கக் கொடுங்கள். எது பணக்கார வீட்டுப் பிள்ளையின் படிவம் என்று அவர் வாசித்தே கண்டுபிடித்துவிட்டால், அதை வாங்கித் திரும்ப எழுதுங்கள்.